ஐம்பது இறாத்தல் நூல்

என் கூட்டாளி ஒருவரின் வலக்கைச் சுட்டுவிரல் இப்போது மடங்காது. அவர் தையற்காரர், துணி வெட்டும்போது கத்தரிக்கோலுக்குப் பலம் கொடுக்கிற விரல் அது. அதைக் கெடுத்தது ஒரு தூண்டில் நூல். அந்த நூலைத் தெரிவு செய்தவன் நான். தெரிவில் பிழை இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். வாய்விட்டுச் சொன்னால் குசினிக்குள் இருந்து என் மனுசி, "உங்கட அந்தக் கணக்கு இன்னும் முடியேல்லையோ?" என்று கேட்பாள். முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கணித ஆசிரியன். திருகோணமலை அன்புவழிபுரத்தில் வீடு, நகரத்தில் பாடசாலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் நான்கு மணிக்கு உட்துறைமுகத்து ஓரக் கற்களில் நின்று தூண்டில் வீசுவேன். மீன் வாங்க வக்கில்லாமல் அல்ல. வாரம் முழுக்கப் பின்னத்தைத் தசமமாக்கத் தெரியாதவர்களோடு கத்திவிட்டு, ஒரு நாளாவது கணக்குக்குக் கட்டுப்படுகிற ஒரு பொருளோடு நிற்க வேண்டும் என்ற ஆசை.

அந்தப் பொருள் பெயிட்காஸ்ட் ரீல், தூண்டில் தடியில் பூட்டி நூல் சுற்றுகிற கருவி. கடைகளில் தொங்கும் சாதாரண ரீல் தடியின் கீழே தொங்கும், யாரும் வீசலாம், மூளை தேவையில்லை. இது தடியின் மேலே உட்காரும். வீசும்போது உருளை தானே சுழன்று நூலை விடும். சுழற்சி கூடினால் பெருவிரலால் மெல்ல அமத்தவேண்டும், குறைந்தால் விடவேண்டும். ஒரு கணம் பிசகினால் நூல் உருளைக்குள்ளேயே சிக்காகிவிடும், அரைமணித்தியாலம் குந்தியிருந்து பிரிக்கவேண்டியதுதான். பெருவிரலில் அறிவு இல்லாதவனுக்கு அது சரிவராது. திருகோணமலையில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர்.

ரீலுக்கு என்ன நூல் போடுவது என்பதில்தான் எங்கள் ஊரின் மடமை முழுதாக வெளிவரும். முன்பு எல்லோருக்கும் தங்கூசி ஒன்றுதான். அது ஒற்றை நைலோன் இழை. இப்போது பிரெயிட் வந்திருக்கிறது. நாலு இழையோ எட்டு இழையோ சேர்த்து நெருக்கமாகப் பின்னிய நூல். ஐம்பது இறாத்தல் பிரெயிட் பன்னிரண்டு இறாத்தல் தங்கூசியின் பருமன்தான் இருக்கும். தங்கூசி இழுத்தால் நீளும், பிரெயிட் நீளாது. எவ்வளவு பாரம் வரை அறாமல் தாங்கும் என்று பெட்டியில் இருபது, முப்பது, ஐம்பது, எண்பது, நூறு என்று இறாத்தல் கணக்குப் போட்டிருப்பார்கள். அந்த இலக்கத்தைக் கண்டதும் எங்கள் ஆட்களுக்கு வருகிற ஒரே யோசனை, பெரியதை எடுப்பது. இறாத்தல் கணக்கில் பாண் வாங்குகிற நினைப்பு. மீன்பிடிச் சாமான் கடைக்காரரும் அதே இனம். எந்தப் பெட்டியைக் காட்டிக் கேட்டாலும், "இது நல்ல பவர், ஆனையும் இழுக்கும்" என்பார். துறைமுகத்தில் ஆனை பிடிக்க யார் வருகிறார்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு பெட்டியைக் காட்டினார்.

என் மனுசியின் தமையன் கனடாவில் இருந்து வந்தபோது இரண்டு பெயிட்காஸ்ட் ரீல்கள் கொண்டுவந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். அங்கத்தைய பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைந்திருந்து யூடியூப்பில் படித்தவர். ஒரு ரீலுக்கு நூறு இறாத்தல் பிரெயிட் சுற்றினார். அவ்வளவு தடித்த நூலை அந்தச் சிறிய உருளை எவ்வளவு கொள்ளும்? ஒரு நல்ல பாரை மீன் ஓடினால் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். சொன்னேன். "உங்களுக்கு அங்கத்தைய மீனைப் பற்றித் தெரியாது" என்றார். அவர் அங்கத்தைய மீனுக்கு நூலைப் போட்டு இங்கத்தைய கல்லில் மாட்டினார். பிறகு வீரம் காட்டி இழுத்தார். நூல் அறவில்லை. தடி இரண்டாக முறிந்தது. மீசையில் மண் ஒட்டவில்லை என்பதுபோல் நின்றார். திரும்பிப் போகும்போது ரீல்கள் இரண்டையும் எங்கள் அலுமாரியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

கொழும்பிலிருந்து வாகனத்தில் வரும் கனவான்கள் மறுபக்கம். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முழங்கை வரை சட்டை, விரல் நுனி தெரிகிற கையுறை. மீன் பிடிக்கிறார்களோ இல்லையோ, படம் பிடிப்பார்கள். அவர்கள் நூலை இருபது இறாத்தலுக்குக் குறைத்துவிடுவார்கள், தூரமாக வீசலாமாம். பெயிட்காஸ்ட் உருளையில் அவ்வளவு மெல்லிய நூல் போட்டால், மீன் பலமாக இழுக்கும்போது மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புதைந்து இறுகிவிடும். அடுத்த முறை வீசினால் இறுகிய இடத்தில் நின்றுவிடும், இரைக்குப் பதிலாக நுனியில் கட்டிய பொய்மீன் மட்டும் அறுந்து பறக்கும். அப்படி நிறையப் பொய்மீன்கள் பறந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கும் நான் காரணம் சொல்லவில்லை. கேட்காதவனுக்குச் சொல்ல எனக்கென்ன விசரா?

நூல் தெரிவு என்பது எது முதலில் அறவேண்டும் என்று தீர்மானிப்பது. என் வரிசை இது. நுனியில் கட்டுகிற ஒரு முழத் தங்கூசி முதலில் அறவேண்டும். அது தவறினால் பிரெயிட் அறவேண்டும். அதற்குப் பிறகுதான் தடி, கடைசியில் ரீல். புதையாத அளவுக்குத் தடிப்பு, உருளை கொள்கிற அளவுக்கு மெலிவு, தடி தாங்குகிற பலம், இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் எங்கள் கற்களுக்கும் எங்கள் பாரைக்கும் ஐம்பதுதான் விடை. நாற்பதும் பிழையில்லை. மற்றதெல்லாம் பிழை.

இனித் தையற்காரர். கிண்ணியாவிலிருந்து ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் பாலம் கடந்து வந்து நகரத்தில் ஒரு ஒடுங்கிய கடையில் தைப்பவர். வயது என் வயதுதான். ஒரு காற்சட்டை அரை அங்குலம் இறுக்கம் என்று சண்டைக்குப் போன இடத்தில் பழக்கம். அவர் பேசாமல் அளவு நாடாவை எடுத்து என் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, பழைய கொப்பியில் எழுதிய அளவைக் காட்டினார். அரை அங்குலம் கூடியிருந்தது நான்தான். என்னைத் திருத்தியவர்கள் ஊரில் மிகக் குறைவு. அதனால் அவரைப் பிடித்துப்போயிற்று. நான் அவரை டெய்லர் என்பேன், அவர் என்னைச் சேர் என்பார்.

வெட்டுவதில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. தைக்கப் பலர் இருக்கிறார்கள், வெட்டத்தான் ஆள் இல்லை என்று மற்றத் தையற்காரர்களே சொல்வார்கள். கல்யாணக் கோட்டுத் துணியை மேசையில் விரித்து, சோக்குக் கட்டியால் நாலு கோடு போட்டு, அந்தப் பாரமான கத்தரிக்கோலை ஒரே மூச்சில் ஓட்டுவார். அப்போது கதைக்கமாட்டார். நானும் கதைக்கமாட்டேன். நான் கதைக்காமல் இருந்த இடங்களில் அதுவும் ஒன்று.

அவரும் ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்காரர். ஆனால் கைத்தூண்டில். ரெஜிபோம் என்கிற வெள்ளைத் தக்கைத் துண்டொன்றில் சுற்றிய தங்கூசி, ஒரு ஈயம், ஒரு தூண்டில், ஒரு இறால். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்துக் கல்லில் குந்துவார். இரண்டு விரலுக்கு நடுவில் நூலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். பத்து ஞாயிறில் ஏழு ஞாயிறு அவர்தான் மீனோடு போவார். விளைமீன், கலவாய், சிலவேளை ஒரு சீலா. நான் இறக்குமதிச் சாமானோடு வெறுங்கையாகப் போவேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிடப் பிடிக்காதது, வீதியால் போகிறவர்கள் என்னையும் ரெஜிபோம் கோஷ்டியில் சேர்த்துப் பார்ப்பது.

கைத்தூண்டில்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. தூண்டில் கல்லில் மாட்டிவிட்டால் நூலை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள். பிறகு கடலுக்கு முதுகைக் காட்டி, கடைக்குப் போகிறவர்கள் மாதிரி நடப்பார்கள். தங்கூசி நீளும், நீண்டுகொண்டே வரும், ஒரு கட்டத்தில் டப்பென்று அறும். கையில் ஒரு சிவப்புத் தடம் மிஞ்சும். சாரத்தில் தேய்த்துவிட்டு அடுத்த தூண்டிலைக் கட்டுவார்கள். கிண்ணியாப் பாலத்திலும் அப்படித்தான், சம்பூர்க் கரையிலும் அப்படித்தான். தையற்காரர் முப்பது வருடமாக அப்படித்தான் அறுத்தார். நூறு தடவையாவது நான் பக்கத்தில் நின்று பார்த்திருப்பேன்.

அலுமாரியில் கிடந்த கனடா ரீலில் ஒன்றை ஒருநாள் அவருக்குக் கொடுத்தேன். தடியும் ஒன்று கொடுத்தேன். "எனக்கெதுக்கு சேர், நம்மட கைக்கு இது சரிவராது" என்றார். தாராளம் என்று நினைத்தார் பாவம். எனக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் மரியாதையாக நிற்கட்டும் என்பதுதான் என் எண்ணம்.

நூல் வாங்க இரண்டு பேரும் அந்த ஆனைக் கடைக்குப் போனோம். சனிக்கிழமை, கடையில் நாலைந்து பேர். கடைக்காரர் வழக்கம்போல எண்பதை எடுத்து வைத்தார். தையற்காரர் ஒவ்வொரு பெட்டியிலும் நுனியை இழுத்து, நகத்தால் வருடி, விரலில் உருட்டிப் பார்த்தார். துணிக்கடையில் நிற்கிற பாவனை. கடைசியில் இருபது இறாத்தல் பச்சை நூலைத் தூக்கி, "இது நல்ல நூல் சேர், பின்னல் நெருக்கம். இது போதுமே?" என்றார்.

"டெய்லர், நாங்கள் வந்தது மீன் பிடிக்க. நீங்கள் இதிலை காற்சட்டையோ தைக்கப் போறியள்?" என்றேன்.

கடை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். நான் அதோடு விட்டிருக்கலாம். கேட்க ஆட்கள் இருந்தால் என் வாய் நிற்காது. இருபது ஏன் புதையும், எண்பது ஏன் கொள்ளாது, எது முதலில் அறவேண்டும் என்று அந்த மேசையில் விரலால் படம் கீறி விளக்கினேன். கடைக்காரர் கொட்டாவி விட்டார். தையற்காரர் மட்டும் முழுக்கக் கேட்டார். ஐம்பது இறாத்தலை எடுத்தோம்.

வீசப் பழக்கியது கடற்கரைப் பக்கத்து மைதானத்தில். எங்கள் நகரத்தில் திரிகிற மான்களைத் தவிர பார்க்க யாரும் இல்லை. பொய்மீனுக்குப் பதிலாக ஒரு ஈயக் கட்டியைக் கட்டிக் கொடுத்தேன். எனக்கு அந்தப் பெருவிரல் பழக்கம் வர மூன்று மாதம் எடுத்தது. அவர் மூன்று பின்னேரத்தில் பிடித்துவிட்டார். வாழ்நாள் முழுக்கத் தையல் மெசினின் ஓடுகிற சில்லைக் கையால் அமத்தி நிறுத்துகிறவருக்கு ஒரு உருளை பெரிய காரியமா? எனக்கு எரிச்சல் வந்தது, மறைக்கவும் இல்லை. முடிச்சுப் பிழைத்தபோது, "இதுவும் தெரியாதோ" என்றேன். நூல் ஓடாமல் பிடிக்கிற திருகை அவர் அளவுக்குமேல் இறுக்கியபோது, "உள்ளுக்கை இருக்கிற சில்லின்ரை பல்லை உடைச்சுப் போடாதேங்கோ, இந்த ரீலை இஞ்சை ஒருத்தரும் திருத்தமாட்டினம்" என்றேன். அதை மட்டும் பத்துத் தரம் சொல்லியிருப்பேன். பாடம் முடிந்துவிட்டது, எதையும் விடவில்லை என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

முதல் ஞாயிறு அவருக்கு ஒன்றும் படவில்லை. நான் ஆறுதல் சொன்னேன், சந்தோசமாக. இரண்டாவது ஞாயிறு, முழங்கை நீளப் பாரை ஒன்று அவர் பொய்மீனில் ஏறியது. ரீல் அழகாக நூலை விட்டது, ஐம்பது இறாத்தல் அசையாமல் நின்றது. என் கணக்கு முழுக்கச் சரி. மீன் அவருடையது. "அதிர்ஷ்டம்தான்" என்றேன். அவர் மீனில் பாதியை வெட்டி என்னிடம் தந்தார். என் மனுசி அதைக் குழம்பு வைத்தாள், நான் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு அது நடந்தது. வெயில் இறங்கியிருந்தது. சீமெந்துக் கப்பல் ஒன்று தூரத்தில் நின்றது. நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியில் பொய்மீன் தெரிவு செய்துகொண்டிருந்தேன். அவருடையது கல்லில் மாட்டியிருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்தபடி தடியை ஆட்டிப் பார்த்திருக்கிறார், பக்கத்துக் கல்லுக்குப் போய் மறுபக்கமாக இழுத்துப் பார்த்திருக்கிறார். வரவில்லை. இன்னும் இழுத்தால் ரீலின் பல் போய்விடும் என்று, தடியைப் பத்திரமாகக் கல்லில் படுக்க வைத்துவிட்டு நூலைக் கையில் எடுத்திருக்கிறார். இரண்டு சுற்று. கடலுக்கு முதுகு. கடைக்குப் போகிற நடை.

பிரெயிட் நீளாது. அவர் எடுத்து வைத்த அடி முழுக்க விரலில் இறங்கியது. நான் ஒரு சத்தமும் கேட்கவில்லை. "சேர்" என்று ஒருதரம் கூப்பிட்டார், அளவு நாடாவை எடுத்துத் தரச்சொல்லிக் கேட்கிற குரலில். திரும்பிப் பார்த்தேன். இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு நின்றார். சாரத்தில் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. நூல் சுட்டுவிரலின் உள்பக்கம் இருந்தது, எவ்வளவு உள்ளே என்று நான் எழுதப்போவதில்லை. அறாமல், தளராமல், கடலை நோக்கி விறைப்பாக நின்றது.

அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "ஏன் கையிலை சுத்தினீங்கள்?" அதட்டல். பரீட்சைத் தாளில் சிவப்புப் பேனாவால் எழுதுகிற குரல். பிறகுதான் கத்தியைத் தேடினேன்.

ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் அவர் ஒருதரம் கண்ணை மூடித் திறந்தார். "நாளைக்கு ஒரு கோட்டு வெட்டக் குடுத்திருக்காங்க" என்றார். விரலை மடக்குகிற நாண் அறுந்துபோயிருக்கிறது என்றார் வைத்தியர். பொருத்தினார்கள். மறுநாள் வைத்தியர் வந்து பார்த்தபோது தையற்காரர் கேட்டது, என்ன நூலில் தைத்தீர்கள் என்று. அந்த இளம் வைத்தியர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. தையல் எப்படி இருக்கிறது என்று உண்மையாகவே பார்க்க நினைத்தார்.

கிழமைக்குக் கிழமை விரல் பயிற்சி கொடுத்தார்கள். வீக்கம் வற்றியது, காயம் ஆறியது, விரல் வந்தது, மடக்கு வரவில்லை. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் அந்த விரல் நுழையும், துணியை அழுத்தி ஓட்டாது. அவர் இப்போது வெட்டுகிற வேலையை இரண்டு கடை தள்ளி இன்னொருவரிடம் கொடுத்து, வெட்டி வந்ததைத் தைக்கிறார். கால் மடிப்பு, சிப், கிழிசல், பாடசாலைச் சீருடைக்குப் பொத்தான். கோட்டுத் துணியோடு வருகிறவர்களிடம், "ஏலா" என்று அவரே சொல்லி அனுப்புகிறார்.

ஊர் சும்மா இருக்குமா? ஆனைக் கடைக்காரர் பிரெயிட் கேட்டு வருகிறவர்களிடம், "வேண்டாம் தம்பி, கை போயிடும்" என்று தங்கூசியைத் தள்ளிவிடுகிறார். எந்தப் பிரெயிட்டும் கையை வெட்டும், எந்தத் தங்கூசியும்கூட வெட்டும் என்பது அந்த மண்டைக்குள் ஏறாது. கிண்ணியாப் பாலத்தில் பிரெயிட்டுக்குப் பெயரே வாத்தியார் நூல் என்று கேள்விப்பட்டேன். என் மனுசியின் தமையன் கனடாவில் இருந்து தொலைபேசியில், கையுறை போட்டிருக்கவேண்டும் என்று விளக்கம் சொன்னார். தடியை முறித்தவர் சொல்கிறார். அவர் சொன்னது சரி என்பதுதான் தாங்க ஏலாமல் இருந்தது.

நான் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்தேன். இருபது இறாத்தல் என்றால் தோலோடு போயிருக்கும், நாணுக்குப் போகுமுன் அறுந்திருக்கும். வைத்தியர் அப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஆனால் இருபது பிழையான நூல். ஐம்பதுதான் சரி. நுனித் தங்கூசி, பிரெயிட், தடி, ரீல் என்று எது முதலில் அறவேண்டும் என்ற என் வரிசையை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். எல்லாம் ஒழுங்காக இருக்கும். அந்த வரிசையில் ஒரு மனிதனின் விரலை நான் சேர்க்கவே இல்லை என்று விளங்க எனக்கு ஐந்து மாதம் எடுத்தது. என் வகுப்பில் ஆகக் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைகூட அதைவிடக் கெதியாகக் கண்டுபிடித்திருக்கும்.

அந்த ஐந்து மாதமும் அவர் கடைப்பக்கம் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு நாலு தரம் போனவன், கடைக்குப் போகவில்லை. காற்சட்டை கிழிந்தபோது வேறு கடையில் கொடுத்தேன். மனுசி அதைக் கண்டு, "அந்த மனுசன் விரலைத்தான் இழந்தவர். நீங்கள் முகத்தையும் குடுக்காமல் திரியிறியள்" என்றாள். மறுநாள் பாடசாலை விட்டதும் போனேன்.

அவர் மெசினில் இருந்து எழும்பிக் கதிரையைத் துடைத்துப் போட்டார். பால் விடாத பிளேன்ரீ சொல்லி அனுப்பினார். பிறகு மேல் தட்டில் இருந்து துணியில் சுற்றிய ஒரு பொருளை இறக்கினார். ரீல். "உப்புப் பிடிச்சிடும் எண்டு மெசின் எண்ணெய் போட்டு வச்சன் சேர். பல்லு ஒண்டும் உடையல்ல" என்றார். திருகிப் பார்த்தேன், புதிதுபோல ஓடியது.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல்தான். வெட்கத்தை நான் எப்போதும் கோபமாகத்தான் வெளியே எடுப்பேன். "டெய்லர், நீங்கள் நூல் தெரிஞ்ச மனுசன். கையிலை சுத்த முதல் என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஏன் கேக்கேல்லை?" என்றேன்.

அவர் யோசித்தார். பதில் தேடவில்லை, சொல்லலாமா என்றுதான் யோசித்தார் என நினைக்கிறேன்.

"கேக்கத்தான் நெனச்சன் சேர். கடையில அந்த நூலத் தொட்டதுமே விளங்கிச்சு, இது இழுபடாது எண்டு. அப்ப கல்லில மாட்டினா என்ன செய்யிற எண்டு கேக்க வாயெடுத்தன். நீங்க காற்சட்டைக் கதை சொன்னீங்க, எல்லாரும் சிரிச்சாங்க. சரி, கிரவுண்டில கேப்பம் எண்டு வச்சன். அங்க முடிச்சுக்கே இதுவும் தெரியாதோ எண்டீங்க. அண்டைக்கு மாட்டினப்பவும் உங்களக் கூப்பிடத்தான் பாத்தன். கூப்பிட்டா என்ன சொல்லுவீங்களோ எண்டு போட்டு..." கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். "நம்மட பழக்கத்துக்குச் செஞ்சிட்டன்."

குறை சொல்கிற குரல் இல்லை. கணக்குக் கேட்டால் விடை சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். பிளேன்ரீ வந்தது. குடித்தோம்.

"இப்ப கேக்கட்டா, சேர்?" என்றார்.

"கேளுங்கோ."

"மாட்டினா அந்த நூல எப்பிடி அறுக்கிற?"

"ஒரு தடியிலை நாலு சுத்துச் சுத்தி, தடியின்ரை ரெண்டு பக்கத்தையும் பிடிச்சு இழுக்கிறது. கை நூலிலை படாது. கூட்டுற தும்புத்தடியின்ரை ஒரு துண்டு போதும்."

அவர் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தார்.

"அவ்வளவுதானா?"

"ஓம். அவ்வளவுதான்."

தலையை ஆட்டிவிட்டு மெசினுக்குத் திரும்பினார். சுட்டுவிரலை நீட்டி ஒதுக்கி வைத்துக்கொண்டு, நடுவிரலாலும் பெருவிரலாலும் ஒரு சீருடையின் மடிப்பைப் பிடித்து ஓட்டத் தொடங்கினார். நான் ரீலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த நாட்களில் என் பொய்மீன் கல்லில் மாட்டினால், அவர் பார்க்காத பக்கத்துக்குப் போய்த்தான் நான் அறுப்பேன். கணக்கு வாத்தியாருக்குக் கல்லில் மாட்டுவது மரியாதை இல்லை என்று நினைத்தேன். அதற்கென்றே தும்புத்தடியில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிய துண்டு என் பையில் எப்போதும் கிடக்கும். அவர் விரல் போன அந்த ஞாயிற்றுக்கிழமையும் கிடந்தது. கடையில் அவர் கேட்டபோதும் அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.